தமிழ்த் தலித் பெண் எழுத்தும் நிகழ்த்து மரபும்

தமிழ்த் தலித் பெண் எழுத்து என்பது, தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த பெண்கள் தமிழில் படைத்த புதினம், சிறுகதை, தன்வரலாறு, கவிதை ஆகியவற்றைக் குறிக்கும். இது 1980களின் இறுதியில் தொடங்கி 1990களில் ஒரு தனிப் போக்காக அறியப்பட்டது. இவ்வெழுத்தின் வேர்கள் அச்சு நூல்களில் அல்ல, ஒப்பாரி, தாலாட்டு, நடவுப் பாட்டு முதலிய வாய்மொழிப் பாடல்களில் உள்ளன. அண்மைக் காலத்தில் இவை வாசிப்பு அரங்குகளிலும் இசை மேடைகளிலும் மீண்டும் குரலாக ஒலிக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் கறுப்பினப் பெண் எழுத்தாளர்களின் ஆக்கங்களை இசையோடு வாசித்துக் கொண்டாடும் மரபுக்குத் தமிழில் மிக அண்மையில் நிற்பது இதுவே.

இக்கட்டுரை விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி வட்டாரத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. வாசிப்பும் இசையும் இணைந்த மேடை அங்கு நெடுங்காலமாக உள்ளது. ஆனால் அம்மேடையில் பெண்ணின் இடம் எது என்பது எளிய கேள்வி அல்ல.

செஞ்சியின் மேடை

செஞ்சி, இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்துக் கட்டப்பட்ட கோட்டையால் அறியப்படும் ஊர். 2025 சூலையில் மராத்தியர் படைத்துறை நிலக்காட்சிகள் என்ற தொகுதியின் பகுதியாக யுனெசுகோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அத்தொகுதியின் 12 கோட்டைகளில் மகாராட்டிரத்துக்கு வெளியே உள்ளது இது ஒன்றே. கோட்டைக்கு நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு. அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். தோல் தொழில் செய்த ஒடுக்கப்பட்ட சாதியின் பெயரைத் தாங்கிய இக்குன்று, கோட்டையைப் பற்றிய சுருக்கமான அறிமுகங்களில் பெரும்பாலும் எண்ணிக்கையில் சேர்வதில்லை.

செஞ்சிக்கு அருகே பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயில், வட தமிழகத் திரௌபதி வழிபாட்டின் மூலக் கோயிலாக அவ்வழிபாட்டினரால் மதிக்கப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988-இல் வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பிலேயே செஞ்சியில் இருந்து குருச்சேத்திரம் வரையான பாதை இடம்பெறுகிறது. இவ்வட்டாரத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறுகின்றன. பிரசங்கியார் வில்லிபாரதப் பாடலை இசையோடு படித்துப் பொருள் கூறுவார். அன்று பகலில் படிக்கப்பட்ட கதைப் பகுதியே இரவில் மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவற்றோடு கூத்தாக ஆடப்படும். விழா தீமிதியோடு நிறைவுறும். ஒரு நெடும் இலக்கியப் பனுவலை எழுத்தறியாத மக்கள் முழுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட வழி இது.

இம்மேடையின் தலைவி ஒரு பெண். வடமொழிப் பாரதம் அவளைக் கிருட்டிணை, அதாவது கரியவள், என்று அழைக்கிறது. சபையில் நீதி கேட்டு வாதிடும் அவளுடைய குரலே கூத்தின் உச்சம். எனினும் அக்குரலை எழுதியவர்களும் படித்தவர்களும் பெண் வேடமிட்டு ஆடியவர்களும் மரபாக ஆண்களே. செஞ்சியின் மற்றொரு புகழ்பெற்ற கதைப்பாடலான தேசிங்குராசன் கதையும் ஆண் வீரத்தின் கதையே. 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையுடன் நடந்த போரில் மாண்ட தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினார் என்றும், அவர் நினைவாகவே இராணிப்பேட்டை என்ற ஊர்ப் பெயர் அமைந்தது என்றும் கூறப்படுகிறது. ஊருக்கு அவர் பெயர் கூட வைக்கப்படவில்லை, அவருடைய பட்டமே வைக்கப்பட்டது.

ஆசிரியர் பெயரில்லாப் பாடல்கள்

கோயில் மேடைக்கு வெளியே, வயலிலும் இழவு வீட்டிலும் பாட்டின் உரிமை பெண்களிடம் இருந்தது. நடவு, களையெடுப்பு, தாலாட்டு, பூப்புச் சடங்கு, சாவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய பாடல்கள் இருந்தன. இவற்றுள் ஒப்பாரி தனித்துக் கவனிக்கத் தக்கது.

ஒப்பாரி மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பாட்டு அன்று, அந்த இடத்திலேயே கட்டப்படுவது. ஒருவர் ஈரடியாக ஒரு சட்டகத்தை அமைப்பார். அடுத்த ஈரடியில் அதே சட்டகம் திரும்ப வரும், ஓரிரு சொற்கள் மட்டும் மாறும். பொன் என்றது வெள்ளியாகும், கிழக்கு என்றது மேற்காகும். திரும்பவரும் பகுதி பாடுபவருக்கு அடுத்த அடியை எண்ண நேரம் தருகிறது, சுற்றியிருப்பவர்களுக்குச் சேர்ந்து கொள்ள இடம் தருகிறது. அடியின் இறுதியில் நீளும் ஓசை அழுகைக்கும் இசைக்கும் நடுவே நிற்கும். பாட்டின் வெளிப்பொருள் இறந்தவரைப் பற்றியது. ஆனால் பாடும் பெண் தன் கணவனின் கொடுமையையும் பிறந்த வீட்டின் பாராமுகத்தையும் கூலியில் நடந்த வஞ்சனையையும் அதற்குள் சொல்லிவிட முடியும். வேறெங்கும் சொன்னால் அடிவிழக்கூடிய சொற்களை இழவு வீட்டில் எவரும் தடுப்பதில்லை.

இத்தகைய பாடல்கள் தொகுக்கப்பட்டு அச்சேறியபோது பெரும்பாலும் நாட்டுப்புறப் பாடல்கள் என்ற பொதுப்பெயரில், தொகுத்தவரின் பெயரோடு வெளிவந்தன. கட்டியவரின் பெயர் அரிதாகவே குறிக்கப்பட்டது. நாட்டுப்புறப் பாடல்களுக்கு ஆசிரியர் இல்லை என்ற வாய்பாடு ஆய்வுலகில் வசதியாக நிலைத்துவிட்டது. ஆசிரியர் இல்லை என்பதும் ஆசிரியரின் பெயரை எவரும் கேட்கவில்லை என்பதும் ஒன்றல்ல.

வீரம்மா

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு புதுச்சேரிப் பகுதியில் இருந்து கிடைக்கிறது. இசை ஆய்வாளரான ஜோசியான் ரசீன் நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்யச் சென்றபோது, வீரம்மா என்ற பறையர் சமூகத்துப் பெண்ணைச் சந்தித்தார். வீரம்மா வேளாண் கூலித் தொழிலாளி, மருத்துவச்சி, அவ்வூரில் பெயர்பெற்ற பாட்டுக்காரி. பாடல்களைப் பற்றித் தொடங்கிய உரையாடல் பாடியவரின் வாழ்க்கையைப் பற்றியதாக மாறி ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீண்டது. இதன் விளைவாக உருவான நூல் 1995-இல் பிரெஞ்சிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. பிரெஞ்சுப் பதிப்பின் துணைத்தலைப்பு அடிமைப்பட்டோரின் சிரிப்பு என்று பொருள்படும்.

நூலின் முகப்பில் ஜோசியான் ரசீன், ழான்-லுக் ரசீன் ஆகியோருக்கு முன்னதாக வீரம்மாவின் பெயர் ஆசிரியராக அச்சிடப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தமிழ்ப் பெண் தாம் சொன்னவற்றுக்கும் பாடியவற்றுக்கும் ஆசிரியராக ஏற்கப்பட்டது இந்நூலின் சிறப்பு. அவர் பெற்ற பன்னிரண்டு பிள்ளைகளில் மூவரே பிழைத்தனர். அச்சாவுகளைப் பற்றிப் பேசும் அதே குரலில் நகைச்சுவையும் பாலியல் கேலியும் சடங்கு நுணுக்கங்களும் வருகின்றன. வீரம்மா போராளியாகப் பேசவில்லை. நிலக்கிழாரிடம் பணிந்து நடப்பதை முறை என்றே பல இடங்களில் கூறுகிறார், மகன் தலைமுறையின் அரசியலோடு உடன்படாமலும் இருக்கிறார். ஒடுக்கப்பட்ட பெண்ணின் குரலில் தாம் எதிர்பார்க்கும் சினத்தை மட்டும் தேடும் வாசகருக்கு இந்நூல் ஒரு நல்ல மாற்றுமருந்து. தமிழில் பேசப்பட்ட சொற்கள் பிரெஞ்சு வழியாக முதலில் உலகை அடைந்தன என்பதும் எண்ணத்தக்கது.

அச்சேறிய எழுத்து

ப. சிவகாமியின் பழையன கழிதலும் (1989) தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் புதினமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அவர் இந்திய ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே எழுதியவர், 2008-இல் பணியில் இருந்து விலகினார். சாதி ஒடுக்குமுறையோடு தலித் குடும்பத்துக்குள் நிலவும் ஆணாதிக்கத்தையும் இப்புதினம் காட்டியதால் இரு பக்கங்களிலும் விவாதத்துக்கு உள்ளானது. அந்நாவலைத் தாமே திறனாய்ந்து ஆசிரியர் குறிப்பு என்ற மற்றொரு நூலையும் சிவகாமி எழுதினார்.

1992-இல் வெளிவந்த பாமாவின் கருக்கு இப்போக்கைப் பரவலாக அறியச் செய்தது. கருக்கு என்பது பனை மட்டையின் இருபுறமும் உள்ள அறுக்கும் விளிம்பு. ஏழாண்டுகள் கன்னியர் மடத்தில் இருந்து வெளியேறிய பாமா தம் ஊரின் பேச்சுத் தமிழிலேயே இந்நூலை எழுதினார். உரையாடலுக்கு மட்டும் வட்டார வழக்கும் கதைசொல்லலுக்கு எழுத்துத் தமிழும் என்ற அன்றைய வழக்கத்தை அது கைவிட்டது. லட்சுமி ஓம்சுட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு (2000) கிராசுவேர்டு விருது பெற்றது. 1994-இல் வந்த சங்கதியில் பெண்கள் பாடும் பாடல்களும் ஏச்சும் குலவையும் கதைகளுக்கு நடுவே இயல்பாக வருகின்றன. கண்ணால் படிக்கும்போது வேகம் தடைப்படும் இந்நூல்களின் சில பத்திகள் உரக்கப் படிக்கும்போது உடனே தெளிவாகின்றன. எழுத்துக்கூட்டல் அங்கே செவிக்காகவே அமைந்துள்ளது.

கவிதையில் சுகிர்தராணி முதன்மையானவர். 1973-இல் இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தின் இலாலாப்பேட்டையில் பிறந்த இவர் தமிழாசிரியர். கைப்பற்றி என் கனவு கேள் (2002), இரவு மிருகம் (2004), தீண்டப்படாத முத்தம் (2010) ஆகியவை இவருடைய தொகுப்புகளுள் சில. தேசிங்கின் மனைவி பட்டத்தால் மட்டும் நினைக்கப்படும் ஊரின் பக்கத்தில், பெண் உடலையும் சாதியையும் தன்பெயரிலேயே எழுதிய கவிஞர் ஒருவர் தோன்றியுள்ளார். செஞ்சிக்கு மேற்கே உள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் அத்திப்பாக்கத்தைச் சேர்ந்த கவிஞர் உமாதேவி திரையிசைக்கு வந்து மெட்ராஸ் (2014), கபாலி (2016), காலா (2018) ஆகிய படங்களில் பாடல்கள் எழுதினார். தலித் பெண் கவிஞர் ஒருவரின் சொற்கள் நூல் வாங்காதவர்களிடமும் சென்று சேர்ந்தது இவ்வழியில்தான்.

கறுப்பினப் பெண் எழுத்தாளர்களுடன் ஒப்புமை

அமெரிக்கக் கறுப்பின இலக்கியத்திலும் பெண்ணின் ஆசிரியத் தகுதி தொடக்கம் முதலே ஐயத்துக்கு உள்ளானது. அடிமையாக இருந்த பிலிசு வீட்லி 1773-இல் தம் கவிதை நூலை வெளியிட்டபோது, அவற்றை எழுதியவர் அவரே என்று பாசுடன் நகரப் பெரியவர்கள் 18 பேர் கையெழுத்திட்ட சான்றுரை நூலில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது.

சோரா நீல் ஹர்சுடன் (1891-1960) இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானவர். புளோரிடா மாநிலத்துத் தொழிலாளர் பாடல்களைத் தொகுத்த மானிடவியலாளர் அவர். பாடுபவர்களோடு தாமும் சேர்ந்து பாடிப் பாடிக் கற்றுக்கொண்டு, 1939-இல் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அவற்றைத் தம் குரலிலேயே பாடினார். அப்பேச்சு மொழியின் ஓசை அவருடைய 1937-ஆம் ஆண்டுப் புதினத்தில் முழுமையாக ஒலிக்கிறது. எனினும் அவர் பெயரில்லாக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1973-இல் எழுத்தாளர் ஆலிசு வாக்கர் அவ்விடத்தைத் தேடிச் சென்று பெயர் பொறித்த கல் நாட்டினார். மாயா ஏஞ்சலோ எழுத்தாளராக அறியப்படும் முன் கலிப்சோ பாடகராக 1957-இல் இசைத்தட்டு வெளியிட்டவர், 1993-இல் குடியரசுத் தலைவர் கிளிண்டனின் பதவியேற்பில் கவிதை வாசித்தவர். இந்தோசாக்கி சாங்கே ஏழு பெண்கள் கவிதை, நடனம், இசை ஆகியவற்றால் நிகழ்த்தும் ஒரு வடிவத்தை உருவாக்கினார். 1974-இல் கலிபோர்னியாவின் ஒரு மதுக்கூடத்தில் தொடங்கிய அது 1976-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கை அடைந்தது. ஜேன் கோர்ட்டெசு சாசு இசைக்குழுவோடு கவிதை படித்தார், அக்குழுவின் முரசறைந்தவர் அவருடைய மகன்.

தலித் இயக்கம் இவ்வரலாற்றை அறிந்தே வளர்ந்தது. அம்பேத்கர் 1946-இல் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் மும்பையில் தோன்றிய தலித் சிறுத்தைகள் அமைப்பு கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவியது. கறுப்பின வரலாற்று மாதத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஏப்ரல் மாதம் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படுகிறது. இதைத் தொடங்கியோருள் ஒருவர் அமெரிக்கத் தமிழரும் எழுத்தாளரும் பாடகருமான தேன்மொழி சௌந்தரராசன். ஆயினும் ஒப்புமைக்கு எல்லை உண்டு. கறுப்பினத் தேவாலயப் பாடலும் சாசும் அம்மக்களின் பெருமிதமாக ஏற்கப்பட்டன. தமிழகத்தில் தலித் இசைக்கருவியின் கதை அவ்வாறு நேர்கோட்டில் செல்லவில்லை.

பறை பற்றிய முரண்

பறை என்பது வட்டச் சட்டத்தில் தோல் பொருத்தி, தீயில் காய்ச்சி விறைப்பேற்றி, ஒரு மெல்லிய நீண்ட குச்சியாலும் ஒரு தடித்த குறுங்குச்சியாலும் அடிக்கப்படும் கருவி. சங்க இலக்கியத்தில் பறை பல வகையாகப் பேசப்பட்டாலும், பிற்காலத்தில் சாவுக்கு அடிப்பது ஒரு சாதியின் மீது சுமத்தப்பட்ட ஊழியமாயிற்று. அதனால் பறையடிக்க மறுப்பதே தன்மானம் என்ற போராட்டங்கள் எழுந்தன. செஞ்சியை உள்ளடக்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் எல். இளையபெருமாள் இவ்வாறு மறுக்குமாறு மக்களைத் திரட்டிய தலைவர். அதே பறையை 1990கள் முதல் தலித் கலை விழாக்கள் விடுதலை இசையாக ஏந்தின. முனைவர் கே. ஏ. குணசேகரன் (1955-2016) பாடிய மக்கள் பாடல்கள் இம்மாற்றத்துக்குத் துணைநின்றன. இன்குலாபின் மனுசங்கடா பாடலைப் பலரும் அறிந்தது அவர் குரலால்தான். இவ்விரு நிலைகளில் ஒன்று மட்டுமே சரி என்று கூறுவது கடினம். கட்டாயத்தில் அடித்தவரின் மறுப்பும், விரும்பி எடுத்தவரின் பெருமிதமும் ஒரே இழிவுக்கு எதிரான இரு விடைகள்.

பெண்களைப் பொறுத்தவரை மற்றொரு தடையும் இருந்தது. ஒப்பாரி பெண்ணுக்கு உரியது, பறை ஆணுக்கு உரியது என்பது சாவு வீட்டின் வேலைப் பிரிவினை. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா நிறுவிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம் தலித் இளம்பெண்களுக்குப் பறையாட்டம் கற்றுத்தந்து இப்பிரிவினையை உடைத்தது. இசை ஆய்வாளர் சோயி செரினியன் இக்குழுவைப் பற்றி ஆவணப்படம் எடுத்துள்ளார்.

வாசிப்பும் இசையும் இணையும் முறை

தமிழ்க் கவியரங்க மரபில் கவிஞர் ஓர் அடியை இருமுறை படிப்பார், அவையோர் கைதட்டுவர். அம்முறை எதுகை மோனையோடு கூடிய மேடைக் கவிதைக்குப் பொருந்தியது. சுகிர்தராணி போன்றோரின் புதுக்கவிதைக்குச் சீரான சந்தம் இல்லை. அதன் தாளம் படிப்பவரின் மூச்சில் உள்ளது. பறை மிக உரத்த கருவியாதலால் சொல்லோடு ஒரே நேரத்தில் ஒலித்தால் சொல் மூழ்கிவிடும். வாசிப்பு நிற்கும் இடைவெளியில் பறை ஒலிப்பது இதற்கு ஒரு வழி. ஒப்பாரியின் நீளோசையைத் தாழ்ந்த குரலில் பின்னணியாக நிறுத்தி உரைநடையை அதன் மேல் படிப்பது மற்றொரு வழி. தெருக்கூத்தின் பின்பாட்டுக்காரர் முதன்மை ஆட்டக்காரரின் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவதும், ஒப்பாரியில் சுற்றியிருப்போர் சேர்வதும் அடிப்படையில் ஒரே உத்தி. படிப்பவர் ஒருவராயினும் கூற்று பலருடையதாகிறது.

2018 சனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு கானா, பறை, ராப் ஆகியவற்றை இணைத்தது. இயக்குநர் பா. ரஞ்சித், இசையமைப்பாளர் தென்மா ஆகியோர் உருவாக்கிய இக்குழுவின் பெயர் அயோத்திதாசர் பயன்படுத்திய சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்தில் இருந்து எடுக்கப்பட்டது. தொடக்கக் குழுவின் ஒரே பெண் பாடகரான இசைவாணி, ஆண்களின் களமாக இருந்த கானாவைப் பாடியதற்காக 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். நீலம் பண்பாட்டு மையம் 2020 முதல் மார்கழியில் மக்களிசை நிகழ்ச்சிகளையும், ஏப்ரலில் இலக்கியக் கூடுகை, நாடகம், திரையிடல் ஆகியவை கொண்ட வானம் கலைத் திருவிழாவையும் நடத்தி வந்துள்ளது. மார்கழி சென்னைச் சபாக்களின் கருநாடக இசைக் காலம் என்பதால் அந்த மாதத் தேர்வே ஒரு கூற்று.

2021-இல் வெளிவந்து உலகெங்கும் கேட்கப்பட்ட எஞ்சாயி எஞ்சாமி பாடல், பாடலாசிரியர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட நினைவுகளில் இருந்து பிறந்தது. அப்பாடலின் உரிமையும் பெயரும் யாருக்கு உரியவை என்ற பொதுவெளி வாதம் பின்னர் எழுந்தபோது, பேச்சு பெரும்பாலும் கலைஞர்களைப் பற்றியே இருந்தது.

ஏற்பும் மறுப்பும்

2021 ஆகத்தில் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பட்டப் பாடத்திட்டத்தில் இருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் ஆக்கங்களை நீக்கியது. அவற்றோடு மகாசுவேதா தேவியின் திரௌபதி என்ற சிறுகதையும் நீக்கப்பட்டது. அக்கதையின் தலைவி துகிலுரியப்பட்ட பின் ஆடையை ஏற்க மறுத்து அதிகாரியின் முன் நிற்கும் சந்தால் பழங்குடிப் பெண். மேலச்சேரியில் ஆண்டுதோறும் வாதிடும் அதே பெயருடையவளின் மற்றொரு வடிவம் அவள். பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் இந்நீக்கத்தைக் கண்டித்தனர்.

2023 பிப்ரவரியில் ஓர் ஆங்கில நாளிதழ்க் குழுமத்தின் தேவி விருதுக்குச் சுகிர்தராணி தேர்ந்தெடுக்கப்பட்டார். விழாவின் முதன்மை ஆதரவாளர் அதானி குழுமம் என்பதை அறிந்தபின், தாம் பேசிவரும் அரசியலுக்கு அது பொருந்தாது என்று கூறி விருதை ஏற்க மறுத்தார்.